பதிவேட்டில் கையெழுத்திட்ட இருவர்

ஆலயத்தில் தாலி கட்டி முடிந்ததும் பதிவேட்டைத் திறந்து வைப்பார்கள். மாப்பிள்ளை, பெண், நாங்கள் ஐயர் என்று அழைக்கும் குருவானவர் ஆகியோரோடு இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் அப்படிக் கேட்கிறது. பெண்ணின் தாய்மாமா ஒருவர், மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் என்று பக்கத்தில் நிற்பவர்களைக் கூப்பிடுவோம். கையெழுத்தைப் போட்டுவிட்டு அவர்கள் பந்திக்குப் போய்விடுவார்கள். சட்டத்துக்கு அது போதும். ஒரு குடும்பத்துக்கு அது போதாது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நானும் என் வீட்டுக்காரரும் பல சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்தில் ஓர் ஊழியத்தைச் செய்துவருகிறோம். மணமாகப் போகிறவர்களோடும், மணமாகி மனம் கசந்தவர்களோடும் உட்கார்ந்து பேசுகிறோம். திருச்செந்தூர்ப் பக்கத்து ஊர்கள். வீட்டுக்கு ஒருவராவது சென்னையிலோ மும்பையிலோ வளைகுடா நாட்டிலோ பிழைக்கப் போயிருப்பார். பிள்ளைகளில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள் என்பதால் இன்றும் எல்லோருக்கும் நான் டீச்சர், அவர் சார். அந்த உரிமையில்தான் கதவைத் தட்டுகிறோம்.

எங்கள் ஊர்களில் ஒரு சண்டை எப்படி வளரும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெண் பெட்டியோடு தாய்வீட்டுக்கு வருவாள். மறுநாளே இரண்டு பக்கத்துச் சொந்தமும் முற்றத்தில் கூடும். ஆளாளுக்குப் பேசுவார்கள். கல்யாணத்தில் சரியாகக் கவனிக்காத கதையில் தொடங்கி நகைக் கணக்கு வரைக்கும் போகும். ஐயரைக் கூப்பிடுவார்கள். அவர் வேதம் வாசித்து, ஜெபம் பண்ணி, இருவர் கையையும் பிடித்துச் சேர்த்து வைப்பார். அன்று சாயங்காலமே பெண்ணைக் காரில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அந்த முற்றத்தில் கணவனும் மனைவியும் தங்களுக்குள் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டார்கள். இரண்டு குடும்பங்களின் மானம் காப்பாற்றப்பட்டது, அவ்வளவுதான். சில மாதம் கழித்து அதே பெட்டி மறுபடியும் வரும்.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இயேசு இதற்கு ஒரு வரிசையைத் தந்திருக்கிறார். குறை இருந்தால் முதலில் அவரிடமே தனியாகப் போய்ப் பேசு. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால்தான் சபை. நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் ஊருக்குத் தெரிகிறது, பிறகு சபைக்கு, கடைசியில் குடும்ப நீதிமன்றத்தின் வராந்தாவில் அந்த இருவரும் முதன்முதலாகத் தனியாக நிற்கிறார்கள். அந்த வரிசையின் நடுவில் இருக்கும் ஒன்றிரண்டு பேரைத்தான் நம் சபைகள் தொலைத்துவிட்டன. பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட இருவர் அந்த இடத்துக்கு வர வேண்டும் என்பது என் ஆசை.

அதனால் திருமண அறிவிப்பான ஓலையை ஆலயத்தில் வாசிக்கக் கொடுக்க வரும் குடும்பங்களிடம் நாங்கள் ஒன்றைக் கேட்கிறோம். மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறார்கள். அந்த இடைவெளியில் மணமக்களே பேசி, தங்கள் சாட்சிகளைத் தேர்ந்தெடுக்கட்டும். மணமாகிச் சில ஆண்டுகளாவது வாழ்ந்து பார்த்தவர்களாக, வாய் அடக்கம் உள்ளவர்களாக, இரண்டு பேரில் யாரிடமும் பணம் கொடுக்கல் வாங்கல் இல்லாதவர்களாக இருக்கட்டும். சாட்சிகளிடமும் நேரே சொல்லிவிடுகிறோம்: இந்தக் கையெழுத்து இன்றோடு முடியாது, கஷ்டம் வந்தால் இந்தப் பிள்ளைகள் உங்களிடம்தான் வருவார்கள். சிலர் தயங்குவார்கள். தயங்குகிறவர்களே பெரும்பாலும் நல்ல சாட்சிகளாக இருக்கிறார்கள், ஏனென்றால் பொறுப்பின் பாரம் அவர்களுக்குத் தெரிகிறது.

பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய கடிதத்தின் நாலாம் அதிகாரத்தில் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள் வருகிறார்கள். இருவரும் ஊழியத்தில் அவரோடு பாடுபட்டவர்கள், இப்போது மனஸ்தாபம். என்ன தகராறு என்று பவுல் எழுதவில்லை. யார் பக்கம் நியாயம் என்றும் சொல்லவில்லை. இருவரையும் ஒருமனமாயிருக்கச் சொல்லிவிட்டு, சபையில் உள்ள ஒருவரிடம் இவர்களுக்கு உதவி செய் என்று கேட்டுக்கொள்கிறார். கணவன் மனைவிக்கு நடுவில் உட்காரப் போகும் எவரும் போகுமுன் அந்த இரண்டு வசனங்களையும் படித்துவிட்டுப் போகலாம். தீர்ப்பு சொல்வது நம் வேலையில்லை என்பது விளங்கும்.

எப்படி உட்காருகிறோம் என்பதையும் சொல்கிறேன், புதிதாக இதைச் செய்ய விரும்புகிறவர்களுக்கு உதவும். இருவரையும் முதல் நாளே சேர்த்து வைத்துப் பேசுவதில்லை. நான் அவளோடு தனியாக, என் வீட்டுக்காரர் அவனோடு தனியாக. அடி உதை, பயமுறுத்தல் உண்டா என்பதை அவள் தனியாக இருக்கும்போதுதான் சொல்லுவாள். மாமியார் வீட்டிலோ தாய்வீட்டிலோ வைத்துப் பேசுவதில்லை, சுவருக்கும் காது இருக்கும். எங்கள் வீட்டுத் திண்ணை உண்டு, மத்தியானம் ஆள் நடமாட்டம் இருக்காது. அவர்கள் சொன்னதை நானும் சாரும்கூட ஒருவருக்கொருவர் பகிர்வதற்குமுன் அவர்களிடம் அனுமதி கேட்கிறோம். பிறகு நால்வரும் உட்காரும்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுப்போம். எல்லாக் குறையையும் ஒரே நாளில் தீர்க்கப் பார்த்தால் ஒன்றுமே தீராது. அடுத்த வாரம் வரைக்கும் இருவரும் செய்யக்கூடிய ஒரு சின்னக் காரியத்தை அவர்களே சொல்ல வேண்டும். நாங்கள் சொல்லிக் கொடுத்தால் அது வீட்டுப்பாடமாகிவிடும்.

இதில் ஒரு ஆபத்தைப் பற்றி மனம் விட்டுச் சொல்ல வேண்டும். ஜெபக்குறிப்பு. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு சகோதரி எழுந்து, இன்ன வீட்டுப் பிள்ளைக்காக விசேஷமாக ஜெபியுங்கள், குடும்பத்தில் சமாதானம் இல்லை என்று கண்ணீரோடு சொல்வார். அவருடைய பாரம் உண்மையானதுதான். ஆனால் அந்தக் கூட்டம் கலைவதற்குள் சேதி ஊர் முழுக்கப் போயிருக்கும். அதன்பின் அந்தப் பெண் ஆலயத்துக்கு வரும்போது எல்லோருடைய கண்ணும் அவள் கழுத்தில் தாலி கிடக்கிறதா என்று பார்க்கும். அவள் வருவதையே நிறுத்திவிடுவாள். ஒரு குடும்பத்துக்காக ஜெபிக்க அந்தக் குடும்பத்தின் பெயர் நமக்குத் தெரிய வேண்டியதில்லை, ஆண்டவருக்குத் தெரியும். எங்கள் சங்கத்தில் இப்போது பெயரில்லாமல் ஜெபிக்கிறோம்.

வெளிநாட்டில் கணவர் இருக்கும் வீடுகளைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், எங்கள் பக்கம் அதுதான் பெரிய நோவு. ஓமானில் வேலை பார்க்கும் ஒரு தம்பி விடுமுறையில் வந்தபோது சாரிடம் உடைந்து அழுதான். "மாசம் பிறந்தா பணம் அனுப்புதேன் சார், எனக்குன்னு ஒண்ணும் வச்சுக்கிடல. நான் என்ன குறை வச்சேன்?" அதே வாரம் அவன் மனைவி என்னிடம் சொன்னது இது: "கணக்குக் கேக்கதுக்கு மட்டும்தான் அவிய போன் பண்ணுதாவ டீச்சர். எனக்குக் காய்ச்சல்னா மாத்திரை வாங்குனியான்னு கேப்பாவ, எவ்வளவு ஆச்சுன்னும் கேப்பாவ." இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவன் தன் அன்பை முழுவதும் பணமாக்கி அனுப்பிவிட்டான். அதனால் பணத்தைப் பற்றிக் கேட்பது அவனுக்கு அன்பைப் பற்றிக் கேட்பதாகவே தோன்றியது. அவளுக்கோ அது மேஸ்திரி வேலையாளைக் கேட்பதாகப் பட்டது.

அவர்கள் இருவரும் தாங்களே கண்டுபிடித்த வழியை இப்போது மற்றவர்களுக்கும் சொல்கிறோம். கணக்கு பேச மாதத்தில் ஒரு நாள், அதை அவள் எழுதி அனுப்பிவிடுவாள். மற்ற நாட்களில் பணத்தைப் பற்றி அவன் வாயே திறக்கக் கூடாது. இரவு குடும்ப ஜெபத்துக்குப் பிள்ளைகள் உட்காரும்போது போனில் அவனும் இருப்பான். நேர வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான், அவன் வேலை முடிந்து அறைக்கு வந்திருப்பான். வேதத்தை அவன் வாசிப்பான், ஜெபத்தை அவள் செய்வாள். தன் மனைவி தனக்காக என்ன ஜெபிக்கிறாள் என்று அவன் முதல் தடவையாகக் கேட்டது அந்தப் போனில்தான்.

கத்தோலிக்க சகோதரர்களிடமிருந்தும் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். ஸ்பெயினில் காபிரியேல் கால்வோ என்ற குருவானவர் தொடங்கிய திருமணச் சந்திப்பு இயக்கத்தில் தம்பதிகளுக்கு ஒரு பயிற்சி உண்டு. ஒரு கேள்விக்கு இருவரும் பத்து நிமிடம் தனித்தனியாக எழுத வேண்டும், பிறகு மாற்றிப் படித்துப் பத்து நிமிடம் பேச வேண்டும். வாய் திறந்தாலே சண்டை என்று ஆகிவிட்ட தம்பதிகளுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எழுதும்போது குரல் உயராது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு வரி எழுதினால் போதும்.

கோபத்தோடு சூரியன் அஸ்தமிக்கக் கூடாது என்று எபேசியர் 4ஆம் அதிகாரம் சொல்வதை வைத்துக்கொண்டு ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் பேசித் தீர்க்கப் பார்க்கிற தம்பதிகள் உண்டு. என் எண்ணம் வேறு. களைத்துப்போன இரண்டு பேர் நடுராத்திரியில் பேசினால் புதிய காயம்தான் உண்டாகும். நாளைக் காலை காப்பி குடித்துவிட்டுப் பேசுவோம் என்று நேரம் குறித்துச் சொல்லிவிட்டுத் தூங்கப் போவதும் அந்த வசனத்துக்குக் கீழ்ப்படிவதுதான். நேரம் குறிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் தவறு.

அதே நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தைக் கல்யாணப் பிரசங்கங்களில் 22ஆம் வசனத்திலிருந்து தொடங்குகிறோம், மனைவி கீழ்ப்படிவதிலிருந்து. அதற்கு முந்தின வசனம் ஒருவருக்கொருவர் கீழ்ப்படிவதைச் சொல்கிறது, எல்லோருக்கும் சேர்த்து. கணவனுக்கு எழுதப்பட்ட பகுதி மனைவிக்கு எழுதப்பட்டதைவிட நீளம். கிறிஸ்து சபைக்காகத் தம்மைக் கொடுத்ததுபோல என்று கணவனுக்கு வைக்கப்பட்ட அளவு சிலுவையின் அளவு. ஐயர்மார் தயவுசெய்து 21இலிருந்து வாசிக்க வேண்டும். ஒரு பெண் தன் மணநாளில் கேட்கும் வசனம் வாழ்நாள் முழுக்க அவள் காதில் ஒலிக்கும். அவள் கணவன் காதிலும் ஒலிக்கும்.

எங்கள் ஆராதனையிலேயே ஒப்புரவுக்கு ஒரு அருமையான வழி இருக்கிறது. 1947 செப்டம்பர் 27இல் எங்கள் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 1950இல் அது தந்த திருவிருந்து முறையில், பழைய சபைகளில் இருந்த சமாதானம் பகிரும் வழக்கம் புத்துயிர் பெற்றது. பீடத்திலிருந்து தொடங்கி, ஒருவர் வலக் கையோடு மற்றவர் வலக் கையைச் சேர்த்து, இடக் கையால் மூடி, வரிசை வரிசையாகச் சமாதானம் கைமாறும். ஆனால் எங்கள் கிராமத்து ஆலயங்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சமாதானம் ஆலயம் முழுக்கச் சுற்றி வரும், ஒரு கணவன் கையிலிருந்து அவன் மனைவி கைக்கு மட்டும் போகாது. பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5 சொல்வதை நினைத்து, திருவிருந்து ஞாயிறுகளில் வீட்டைவிட்டுக் கிளம்புமுன் கணவனும் மனைவியும் அதே முறையில் கைகளைச் சேர்த்துக்கொள்ளும்படி சொல்கிறோம். வெறும் சடங்காகிவிடாதா என்று ஒரு வாலிபன் கேட்டான். கை நீட்ட முடியாத ஞாயிற்றுக்கிழமை வரும், அன்றைக்கு இது சடங்கில்லை என்று தெரியும் என்றேன். அப்படி ஒரு ஞாயிறு அவனுக்கு வந்தது. அன்று இருவரும் ஆலயத்துக்குத் தாமதமாக வந்தார்கள், ஆனால் பேசி முடித்துவிட்டு வந்தார்கள்.

இனி எழுதுவது அடி விழும் வீடுகளைப் பற்றி. இங்கே நான் மென்மையாக எழுதப் போவதில்லை. அடிக்கிற கணவனிடம் ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவதற்கு எந்தச் சபைக்கும் அதிகாரம் கிடையாது. பொறுத்துக்கொள், ஜெபம் பண்ணு, அவன் மாறுவான் என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். மன்னிப்பது அவளுக்கும் கர்த்தருக்கும் உள்ள காரியம், அதற்கு அவள் நேரம் எடுத்துக்கொள்ளலாம். மறுபடி ஒரே கூரையின்கீழ் வாழ்வது வேறு காரியம், அதற்கு அவன் மாறியிருக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்குப் பாதுகாப்பு ஆணையும் அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையும் தருகிறது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணைச் சபை அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். போலீசுக்குப் போவது விசுவாசக் குறைவு என்று எந்த மூப்பராவது சொன்னால், ரோமப் பிரஜை என்ற தன் உரிமையைப் பவுல் கேட்டு வாங்கியதை அப்போஸ்தலர் நடபடிகளில் காட்டுங்கள்.

மாறிவிட்டான் என்பதை எப்படி அறிவது? அழுகையை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. சகேயு தன் மனமாற்றத்தைப் பணக் கணக்கில் சொன்னார்: பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியதற்கு நான்கு மடங்கு. மனைவியின் நகையை அடகு வைத்துக் குடித்த ஒருவர் திரும்பி வர விரும்பியபோது, சார் அவரிடம் கேட்டது நகைகளைத்தான். ஒவ்வொன்றாக மீட்டு அவள் கையிலேயே கொடுக்க வேண்டும், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் குடியை விடச் சிகிச்சை எடுக்க வேண்டும், தன் தாய் தகப்பனிடம் நான்தான் அடித்தேன், அவள்மேல் தப்பில்லை என்று தன் வாயால் சொல்ல வேண்டும். கடைசியில் சொன்னதுதான் அவருக்கு மற்ற இரண்டையும்விடக் கஷ்டமாக இருந்தது. அதுவரை அவள் தாய்வீட்டில் இருந்தாள், சாட்சிகள் இருவரும் இரண்டு பக்கமும் போய்வந்தார்கள். நாள் அதிகமானது. அவசரப்படுத்தின உறவினர்களுக்கு நான் சொன்ன பதில்: புதுச் சுவர் இறுகுமுன்னே சுமை ஏற்றுவீர்களா? தண்ணீர் விட்டு விட்டுத்தான் அது இறுகும். இன்று அவர்கள் சேர்ந்து வாழ்கிறார்கள். கடைசி நகையைக் கையில் வாங்கின பிறகுதான் அவள் பெட்டியைக் கட்டினாள்.

எல்லாக் குடும்பமும் அப்படிச் சேருவதில்லை. பிரிவதற்கும் சட்டமே ஒரு காலத்தில் எங்கள் பெண்களுக்கு வழி அடைத்திருந்தது. 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தில் மனைவியின் விபசாரம் ஒன்றே கணவனுக்குப் போதுமானதாக இருந்தது. மனைவியோ பெரும்பாலும் கணவனின் விபசாரத்தோடு கொடுமை, கைவிடுதல் போன்ற வேறொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. 2001இல் வந்த திருத்தம்தான் இருவருக்கும் ஒரே அளவை வைத்தது. இருவர் சம்மதத்தோடு பிரியும் 10ஏ பிரிவும் அப்போது வந்ததுதான். அந்தப் பிரிவின்படி மனுக் கொடுத்தபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். மனம் மாறினால் மாறட்டும் என்று சட்டம் கொடுக்கும் அந்த ஆறு மாதத்தில் சபை என்ன செய்கிறது? நான் பார்த்தவரை, வழக்கு போட்டாயிற்று என்று தெரிந்ததும் எல்லோரும் விலகிவிடுகிறார்கள். சாட்சிகள் அப்போதுதான் அதிகமாகப் போய்வர வேண்டும். சேர்த்து வைப்பதற்காக மட்டும் போக வேண்டாம். பிரிவதாக இருந்தாலும் பிள்ளைகளை வைத்துப் பழிவாங்காமல் பிரிய யாராவது துணை நிற்க வேண்டும் அல்லவா?

பிரிந்தபின் அந்தப் பெண்ணுக்குச் சபையில் இருக்கும் இடம் என்ன என்பதில்தான் நம் விசுவாசம் வெளிப்படும். ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவளை இப்போதைக்கு வேண்டாம் என்று நிறுத்திவைக்கிறார்கள். அவள் என்ன குற்றம் செய்தாள் என்று யாரும் சொல்வதில்லை. சபை விருந்தான அசனத்துக்குக் காய்கறி வெட்ட முதல் நாள் ராத்திரி பெண்கள் கூடும்போது அவளையும் கூப்பிடுங்கள், வழக்கமாகக் கூப்பிடுவதுபோல. கிறிஸ்துமஸ் காலத்தில் பாடகர் குழு வீடு வீடாகப் பாடிப் போகும்போது அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டு வாசலிலும் நின்று பாடுங்கள். பிரிந்துபோன ஆணையும் மறக்க வேண்டாம், அவனைச் சாப்பிடக் கூப்பிட ஒரு வீடு இருக்கட்டும்.

சேகர குருமாருக்கு ஒரு விண்ணப்பம். சபைக் குடும்பப் பட்டியலில் குடும்பத் தலைவரின் பெயர் என்ற கட்டத்தில் பிரிந்து வாழும் பெண்ணின் பெயரையே எழுதுங்கள். காணிக்கை ரசீதையும் அவள் பெயரிலேயே போடுங்கள். எங்கள் சேகரத்தில் ஒரு சகோதரி மூன்று பிள்ளைகளோடு தாய்வீட்டுக்கு வந்தபோது, தகப்பனார் பெயரில் சேர்த்துக்கொள்ளலாமே என்றார்கள். தனிக் குடும்பமாகத்தான் சேர வேண்டும் என்று அவள் கேட்டாள். கமிட்டியில் பேசினார்கள், ஒத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு அவள் மூத்த மகள் திடப்படுத்தல் எடுத்தாள், பெற்றோர் வரிசையில் தாய் முன்னால் போய் நின்றாள், அந்தத் தாயின் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பழைய சாட்சிகளில் ஒருவரான, அவளுடைய தாய்மாமாவும் அவள் பக்கத்தில் நின்றார்.